சலங்கைப் பையைத் திருப்பித் தந்தவருக்கு நன்றி

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை தண்டையார்பேட்டையில் மகனுக்குக் கேரம் போட்டி, பிற்பகல் எங்கள் தெருவில் கண் பரிசோதனை முகாம், மாலை திருவொற்றியூர் தேரடி அருகே மகளின் முதல் நடன நிகழ்ச்சி என ஒரே நாளில் எல்லாம் சேர்ந்துகொண்டன. மகன் அரையிறுதியில் சிவப்புக் காயைப் போட்டும், அடுத்த காயைத் தவறவிட்டதால் அது மீண்டும் பலகைக்கே வந்துவிட்டது. அவனைத் தேற்றியபடியே ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய நான், மகளின் சலங்கைப் பையை இருக்கைக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது.

மேடை ஏற அரை மணி நேரமே இருந்தபோது, வாசலில் மணிச் சத்தம் கேட்டு, பார்ப்பதற்கு முன்பே "அது என் சலங்கை" என்றாள் மகள். பைக்குள் இருந்த அழைப்பிதழைப் படித்து, சவாரியை விட்டுவிட்டு, எண்ணூர் நெடுஞ்சாலையின் நெரிசலில் திரும்பி வந்திருந்தார் அந்த ஓட்டுநர் ஐயா. நான் நீட்டிய பணத்தை அவர் தொடவே இல்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, "பாப்பா நல்லா ஆடட்டும்மா" என்று சொல்லிச் சென்றார். பதற்றத்தில் பெயரைக்கூடக் கேட்கத் தவறிவிட்டேன்.

ஐயா, பாப்பா நன்றாக ஆடினாள். எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.