இரண்டும் 'மாத்' தானாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டாட்டாவின் விமானத் தபால் சேவை பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையுடன் ஒரு படம் இருந்தது. '15.10.1932: கராச்சியிலிருந்து புறப்படத் தயாராக நிற்கும் புஸ் மாத் விமானம்' என்று அதன் கீழே போட்டிருந்தீர்கள். அது புஸ் மாத் அன்று என்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். "இரண்டும் மாத் தானே சார், யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?" என்றார் எடுத்தவர். எனக்குத் தெரிந்தது ஐயா, அதனால்தான் அழைத்தேன்.

மாத் என்றால் அந்துப்பூச்சி. பூச்சிகளில் ஈடுபாடு கொண்ட ஜெஃப்ரி டி ஹேவிலண்ட் தம் விமானங்கள் பலவற்றுக்கு அந்தக் குடும்பப் பெயரைச் சூட்டினார். எல்லாம் மாத் தான் என்றால், இரட்டை இறக்கை கொண்ட டைகர் மாத்தையே போட்டிருக்கலாமே!

படத்தில் நிற்பது லெப்பர்ட் மாத். அது முதன்முதலாகப் பறந்ததே 1933 மே மாதத்தில்தான் என்பது தாங்கள் அறியாததன்று. தங்கள் கணக்குப்படி, பிறப்பதற்கு ஏழு மாதம் முன்னதாகவே அது தபால் மூட்டை சுமந்திருக்கிறது.

இரண்டும் உடலுக்கு மேலே ஒற்றை இறக்கை வைத்த, மூடிய அறை கொண்ட சிறு விமானங்கள் என்பதால் குழப்பம் வருவது இயல்பு, மறுக்கவில்லை. ஆனால், புஸ் மாத்தின் இறக்கை ஏறக்குறைய ஒரே அகலமாகப் போய் முனையில் மட்டும் வளையும். லெப்பர்ட் மாத்தின் இறக்கை நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். சக்கரத்தைத் தாங்கும் நெட்டைக் கால் புஸ் மாத்தில் இறக்கையின் அடிவரை ஏறும். லெப்பர்ட் மாத்தில் முன்புறமாகச் சென்று என்ஜின் அறையின் பின்சுவரருகே முடியும். விமானப் பராமரிப்பில் 34 ஆண்டுகள் கழித்தவன் என்றாலும் என் கண்ணை நம்பாமல், பேரனின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அந்தக் கால் என்ஜின் மூடியை ஒட்டித்தான் நிற்கிறது. பதிவெழுத்துகள் தெரிந்திருந்தால் இவ்வளவு பாடே வேண்டியதில்லை. 1932-ல் பறந்தது வி.டி.-ஏ.டி.என். ஆனால், பக்கத்தில் அடங்கவில்லை என்றோ என்னவோ, விமானத்தின் பின்பாதியைத் தங்கள் வடிவமைப்பாளர் வெட்டிவிட்டார். அந்த இடத்தில் ஊறுகாய் விளம்பரம் இருக்கிறது.

அந்தத் தபால் சேவையின் பொன்விழாவுக்காக 1982-ல் ஜே.ஆர்.டி. டாட்டா தமது 78-ஆவது வயதில், 1932-ல் தபாலுடன் தாம் பறந்த அதே கராச்சி–பம்பாய் வழியில் லெப்பர்ட் மாத் ஒன்றை ஓட்டிவந்தார். தாங்கள் வெளியிட்டது அந்தப் பயணத்தின் படம். வண்ணத்தை எடுத்துவிட்டுப் பழுப்பேற்றினால் படத்துக்கு ஐம்பது வயது கூடிவிடலாம். பக்கத்தில் நிற்கும் டாட்டாவின் நரை கறுக்கவில்லையே! 1932-ல் அவருக்கு வயது 28.

கட்டுரையிலோ டாட்டாவே சென்னைவரை ஓட்டிவந்ததாக இருக்கிறது. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் டாட்டாவின் சக விமானி நெவில் வின்சென்ட். சென்னையிலிருந்து வெளிவரும் இதழில் அவருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

இது முதல் முறையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 1942 ஏப்ரலில் இலங்கையின் கொக்கலவிலிருந்து பறந்து சென்று, ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு தகவல் அனுப்பிய கனடிய விமானி பெர்ச்சாலின் கேட்டலினா விமானம் என்று, ஒருமுறை சண்டர்லேண்ட் விமானத்தின் படத்தைப் போட்டீர்கள். கேட்டலினாவுக்கு என்ஜின் இரண்டு, சண்டர்லேண்டுக்கு நான்கு. இதற்குப் பூதக்கண்ணாடிகூட வேண்டாம். பிறகு, பெங்களூரில் ஜெர்மானியப் பொறியாளர் கர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர்விமானத்தின் படத்துக்குப் பதிலாக மிக்-21 போர்விமானத்தின் படம் வந்தது. மிக்-21 மூக்கு நுனியில் காற்றை வாங்கும். மாருத் இரு விலாப்புறங்களிலும் வாங்கும். அதை விளக்கி அப்போது இரண்டு பக்கம் எழுதினேன். முடிவில் மரியாதைக்காக, தீபாவளி மலர் நன்றாக இருந்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். என் பெயருடன் அந்த வரி மட்டும் அச்சாகியிருந்தது.

இந்தக் கடிதத்தில் மலரைப் பற்றி எதுவும் இல்லை. 'படத்தில் இருப்பது லெப்பர்ட் மாத், ஆண்டு 1982' என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இனி விமானப் படம் போட நேர்ந்தால், தயவுசெய்து வாலை வெட்டாமல் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
குரோம்பேட்டை, சென்னை.