பெரம்பூரில் பெய்த ஸ்ரீபெரும்புதூர் மழை

சென்னையின் மழை, நிலமட்டம், வெள்ளக் கணிப்பு ஆகியவற்றின் தரவுகளைத் தயாரித்து வெளியிடும் அலுவலகங்களின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் வியாசர்பாடியில் குடியிருப்பவன். பகலில் சம்பளத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். இரவில் சம்பளமில்லாமல் இன்னொன்று எழுதுகிறேன். உங்களைப் போன்ற அலுவலகங்களிலிருந்து வரும் கட்டத் தரவுக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் சின்ன மென்பொருள் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை எங்கள் தெருவில் நான்கு நாள் தேங்கி நின்ற பிறகு, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, ஏன் வடியவில்லை என்று நாங்களே ஒரு வரைபடம் போட்டுப் பார்க்க நினைத்தோம். ஓர் ஆசிரியை, இரண்டு கல்லூரி மாணவர்கள், நான். வரைபடம் இன்னும் முடியவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

கட்டத் தரவு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கணக்கு நோட்டின் கட்டத்தாளை ஊரின் மேல் விரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் எழுதினால் அதுதான். மழையாக இருக்கலாம், தரையின் உயரமாக இருக்கலாம். தாளின் எந்த மூலை எந்த இடத்தில் விழுகிறது, எண்ணும் வரிசை மேலிருந்து தொடங்குகிறதா கீழிருந்தா, எண்ணின் அலகு என்ன என்பவை உடன் இருந்தால் சரி. இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் எண்குவியல்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை கால் டிகிரிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் 1901 முதல் நாள்தோறும் பெய்த மழையைத் தொகுத்துத் தருகிறது. தெற்கே 6.5 டிகிரியிலிருந்து வடக்கே 38.5 வரை 129 வரிசைகள், 66.5 கிழக்கிலிருந்து 100 வரை 135 நெடுவரிசைகள். ஒரு நாளைக்கு 17,415 எண்கள், ஒவ்வொன்றும் நான்கு பைட். நூறாண்டுக்கும் மேலான மழையை இப்படி அடுக்கி வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் எண்களை மட்டும் கணினி மொழியில் அடுக்கிய அதன் இருமக் கோப்பில் தலைப்பு வரி கிடையாது. விவரங்கள் தனிக் குறிப்பில் இருக்கின்றன. எங்களுக்கு அது மூன்றாம் கை மாறி, ஒரு பென்டிரைவில், குறிப்பைத் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்தது. கோப்புப் பெயரின் கடைசியில் ஜிஆர்டி என்ற அதே வாலோடு, வரைபடம் போடும் சர்ஃபர் மென்பொருளின் கோப்புகளும் உலவுவதால் பெயரை நம்பவும் முடியாது. ஆகவே என் மென்பொருள் முதலில் கோப்பின் எடையைப் பார்க்கும். 2,54,25,900 பைட் என்றால் சாதாரண ஆண்டு. 2,54,95,560 என்றால் லீப் ஆண்டு. மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லும் அரிசி மண்டிக்காரரின் வேலை.

இந்தக் கோப்பு தெற்கிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. இட விவரத்தோடு வரும் படக் கோப்பு வடிவமான ஜியோடிஃப் வழக்கமாக வடக்கிலிருந்து தொடங்கும். வரிசையைப் புரட்டாமல் அப்படியே கொட்டினால் இந்தியா தலைகீழாக நிற்கும். 27-ஆவது வரிசையில் இருக்க வேண்டிய சென்னை 32 டிகிரி வடக்குக்கு, திபெத்துக்குப் போய்விடும். அங்கே மழை எண் இல்லாததால் கோப்பு -999 என்று சொல்லும். ‘தரவு இல்லை’ என்பதற்கான குறி அது. எங்கள் மாணவர்களில் ஒருவர் அதையும் சேர்த்துச் சராசரி போட்டு, புயலன்று சென்னையில் மழை மைனஸில் பெய்ததாக ஒரு படம் கொண்டு வந்தார்.

இப்படிப்பட்ட பெரிய தப்பு தானாகக் கண்ணில் படும். பயப்பட வேண்டியது சின்னத் தப்புக்கு. கட்டத்தின் எண்களை வெறும் எழுத்தாக வைக்கும் ஏஎஸ்சி கோப்பின் தலையில் ஆறு வரிகள் இருக்கும். அதில் கீழ் இடதுபுறக் கட்டத்தின் மூலையைக் கொடுக்கலாம், மையத்தையும் கொடுக்கலாம். மழைப் புள்ளிகளை நாங்கள் கட்டத்தின் மையமாக எடுத்திருந்தோம். நான் தூக்கக் கலக்கத்தில் மூலை என்று எழுதிவிட்டேன். அரைக் கட்டம்தான் நகர்ந்தது. ஆனால் அந்த அரைக் கட்டம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். சென்னையின் கட்டத்தில் பெரும்பகுதி வங்கக் கடலுக்குள் போயிற்று. பெரம்பூருக்கோ ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மழை வந்து சேர்ந்தது. பெயர்ப் பொருத்தம் மட்டும் அருமை! படம் பார்க்க அழகாகவே இருந்ததால் மூன்று வாரம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானும்தான்.

சரியாக வைத்தாலும் கால் டிகிரிக் கட்டத்தின் எல்லை 13.125 டிகிரியில், எங்கள் தலைக்கு மேலேயே ஓடுகிறது. வியாசர்பாடி அடையாற்றோடு ஒரே கட்டத்தில். பக்கத்திலிருக்கும் கொடுங்கையூர் எண்ணூரோடு வேறு கட்டத்தில். தெருவுக்குத் தெரு கணக்குப் பார்க்க இது உதவாது, அதற்காக ஏற்பட்டதும் இல்லை.

நிலமட்டத்துக்கு வருகிறேன். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு எல்லோருக்கும் கிடைக்கிறது. அதில் ஒவ்வோர் உயரமும் இரண்டு பைட், எண்ணின் பெரிய பகுதியைத் தாங்கும் பைட் முதலில். நம் கணினிகள் சிறியதை முதலில் படிப்பவை. மாற்றிப் படித்தால் 7 மீட்டர் 1,792 மீட்டராகும், வியாசர்பாடி கோத்தகிரியாகிவிடும். அதைத் திருத்துவது ஒரு வரி வேலை. திருத்திய பிறகும் அது முழு மீட்டரில்தான் பேசும், கூரையையும் மரத்தையும் சேர்த்தே அளந்திருக்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை அதில் தெரியவே தெரியாது. முழங்கால் தண்ணீருக்கும் இடுப்பளவுத் தண்ணீருக்கும் நடுவே அரை மீட்டர்தானே இருக்கிறது?

அதனால்தான் நுணுக்கமாக அளந்த உயரத் தரவைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. மறுக்காமல் அனுப்பினார்கள், அதற்கு நன்றி. வந்தது ஒரு பிடிஎஃப். ஐந்து நிறம் பூசிய வரைபடத்தை அச்சிட்டு, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்திருந்தார்கள். முத்திரையின் ஊதா மை கேப்டன் காட்டன் கால்வாயின் மேல் விழுந்திருந்தது. என் மென்பொருள் அதை ஆறாவது நிறமாக எண்ணி ஒரு புதுப் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. எண்ணை நிறமாக்குவது எளிது. நிறத்திலிருந்து எண்ணை மீட்பது கறந்த பாலைக் காம்பில் ஏற்றுகிற கதை.

கட்டத் தரவுக் கோப்புகளைப் படித்து மாற்றித்தரும் ஜிடால் இருக்கிறதே என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் சொல்லக்கூடும். 1998-இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய அந்தத் திறந்த மூல நூலகம்தான் என் மென்பொருளின் அடியிலும் ஓடுகிறது. ஆனால் கோப்பில் இல்லாத விவரத்தை ஜிடாலும் ஜோசியம் பார்த்துச் சொல்லாது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். படத்தோடு அதன் பின்னால் இருக்கும் எண்களையும் வெளியிடுங்கள். நெட்சிடிஎஃப் என்ற தரவுக் கோப்பு வடிவமோ ஜியோடிஃபோ, எதுவானாலும் சரி. இரண்டுமே தங்கள் விவரங்களை மடியில் கட்டிக்கொண்டு வரக்கூடியவை. மூலையா மையமா, மில்லிமீட்டரா சென்டிமீட்டரா, விடுபட்ட இடத்துக்கு எந்த எண், நாள் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பதை உள்ளேயே எழுதுங்கள். 4-ஆம் தேதி மழை என்றால் 3-ஆம் தேதி காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயரம் என்று சொன்னால் எதிலிருந்து உயரம் என்று சொல்லுங்கள். பூமியை வழுவழுப்பான நீள்வட்டகமாக வைத்துக்கொண்டு ஜிபிஎஸ் கருவி தரும் உயரத்துக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் சென்னையில் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்தக் குறிப்பு இல்லாத கோப்பைத் திறந்தால் ராயபுரம் கடலுக்கடியில் கிடக்கிறது.

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா, 2015 வெள்ளத்துக்கு ஒன்றும் மிக்ஜாமுக்கு ஒன்றுமாகக் கடைச் சுவரில் இரண்டு கரிக்கோடுகள் போட்டு வைத்திருக்கிறார். ஒரு நாள் மடிக்கணினியை அவரிடம் காட்டினேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்தப் படத்தில் என் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பொங்கலுக்கு அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். அதற்கு முன் மேல் கோட்டை நாடா பிடித்து அளந்து வைத்துக்கொண்டேன்: கடைத் தரையிலிருந்து 94 சென்டிமீட்டர். அந்தத் தரை கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
வியாசர்பாடிக்காரன்