அந்த அட்டையைப் பிரிக்கும் முன்

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபினாஸ்டரைடு 1 மி.கி., மினாக்சிடில் 5 சதவீதக் கரைசல், பயோட்டின் மாத்திரை. முடி கொட்டுகிறது என்று நீ ஆப்பில் நாலு கேள்விக்கு டிக் அடித்ததும் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றையும் ஒன்றுபோல நினைக்காதே.

முதலில், இது வழுக்கைதானா என்று தெரிய வேண்டும். டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுக்கக் கொத்தாகக் கொட்டும். பிறகு தானே வளர்ந்துவிடும். நெற்றியோரம் மேலேறி, உச்சி மெலிந்தால் அது பரம்பரை வழுக்கை. பெங்களூரு மாரத்தஹள்ளி போர்வெல் தண்ணீரைத்தான் உன் ஃபிளாட்டில் எல்லோரும் திட்டுவார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், முறியவைக்கும், வழுக்கை விழவைக்காது.

இனி ஃபினாஸ்டரைடு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுவதை இது தடுக்கிறது. அந்த டி.எச்.டி.தான் முடி வேரைச் சுருக்குவது. மாத்திரை எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு மூன்றில் இரண்டு பங்கு குறையும். ஆண் வழுக்கைக்கு அமெரிக்கா இதை அனுமதித்தது 1997-ல். அப்போதைய ஆய்வில், ஆசை குறைவு, விறைப்புக் குறைவு போன்ற தொல்லைகள் மாத்திரை எடுத்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்கு வந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 2.1 சதவீதம் பேருக்கு வந்தன. அம்மா இதையெல்லாம் எழுதுகிறாளே என்று கூசாதே. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொன்னவர்களும் உண்டு. விந்தணு எண்ணிக்கையும் சிலருக்குக் குறையலாம். மார்பில் வலியோ கட்டியோ தெரிந்தால் உடனே காட்ட வேண்டும்.

ஆனால் உன் விஷயத்தில் நான் தயங்குவது இதற்காக இல்லை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவாக மருந்துக் குறிப்பிலேயே வந்துவிட்டன. 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமையும் தற்கொலை எண்ணத்தைப் பக்கவிளைவாக உறுதிசெய்தது. எத்தனை பேருக்கு வரும் என்று கணக்கிட முடியவில்லை, அபூர்வம்தான். ஆனாலும் கல்லூரியில் படிக்கும்போதே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தவன் நீ. அந்த ஆப் அதைக் கேட்டதா? கேட்டிருந்தாலும் நீ டிக் அடித்திருக்க மாட்டாய். அதனால் அந்த அட்டையைப் பிரிக்காதே. தோல் டாக்டரிடம் அந்தப் பழைய சீட்டையும் காட்டு. சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, தமிழ் பேசுகிறவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. பார்த்துவிட்டு அவர் எடுக்கலாம் என்றால் எடு. ஆரம்பித்த பிறகு தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைக் கூப்பிடு. ராத்திரியானால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

ஃபினாஸ்டரைடு 5 மி.கி. மாத்திரையை வாங்கி நாலாக உடைத்தால் மலிவு என்று எவனாவது சொல்வான். துண்டு ஒரே அளவாக வராது, தூள் உதிரும். அக்கா இப்போது மாசமாக இருக்கிறாள். வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சியையே கெடுக்கும் மருந்து இது. உடைந்த மாத்திரையை அவள் தொடக் கூடாது. ஊருக்கு வரும்போது இதை நினைவில் வை. நீ ரத்தம் கொடுப்பவன் வேறு. கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதம் கொடுக்காதே. பிற்காலத்தில் புரோஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை செய்தால் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணை இது ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும்.

உனக்கு மினாக்சிடிலில் ஆரம்பிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பாட்டிலில் அது மட்டும்தானா என்று லேபிளைப் படி; ஃபினாஸ்டரைடு கலந்த கரைசலும் விற்கிறார்கள், தடவினாலும் அது ரத்தத்தில் சேரும். காய்ந்த தலையில், வகிடெடுத்து, முடிமேல் படாமல் தோலில் 1 மி.லி., காலையும் இரவும். அதிகம் ஊற்றினால் அதிகம் வளராது. படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம்தான் வரும். அப்படி எது வந்தாலும் நிறுத்து. இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவிவிடு, இல்லையென்றால் தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே முடி முளைக்கும். அரித்தால் பெரும்பாலும் அதிலுள்ள புரொப்பிலீன் கிளைகால் என்ற கரைப்பான்தான் காரணம். நுரை வடிவத்துக்கு மாறிக்கொள்.

முதல் சில வாரம் முடி அதிகமாகக் கொட்டலாம். பழைய முடி விழுந்து புதுச் சுற்று தொடங்குகிறது, அவ்வளவுதான். பலர் இங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். நாலு மாதமாவது தடவாமல் முடிவு சொல்ல முடியாது. நிறுத்தினால் வந்த முடியும் போய்விடும், அதையும் தெரிந்தே ஆரம்பி.

உன் ரூம்மேட்டின் பூனை! மினாக்சிடில் பூனைக்கு விஷம், கொஞ்சம் நக்கினாலே உயிர் போகலாம். தடவியதும் கை கழுவு, தலையணை உறையை அதன் பக்கம் விடாதே.

பயோட்டின் என்ற அந்த வைட்டமின் மாத்திரையைத் தூக்கிப் போடு. வழுக்கைக்கு அதனால் பயனில்லை. தைராய்டு சோதனை முடிவை வேறு தப்பாகக் காட்டும்.

டாக்டரைப் பார்த்ததும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

அம்மா