டிராகுலா எபிசோடுக்கு எத்தனை நட்சத்திரம்?

அன்புள்ள மலர்,

உன் வரைவைப் படித்து முடித்தேன். நாவல்களிலிருந்து தொலைக்காட்சித் தொடருக்கு வந்த இளம் துப்பறிவாளர்களான ஹார்டி சகோதரர்கள் ஃபிராங்கும் ஜோவும், நான்சி ட்ரூவும் டிராகுலாவைச் சந்திக்கும் அந்த இரண்டு பாக எபிசோடைப் பற்றிப் பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகத் திரட்டியிருக்கிறாய். தொடரிலேயே இதுதான் உச்சம் என்று ஒருவர். கச்சேரியை வைத்து இழுத்த இழுவை என்று இன்னொருவர். நீ இரண்டையும் கூட்டி வகுத்து, 'சுமார்' என்று முடித்துவிட்டாய். அது எனக்கு ஒப்பவில்லை. இவர்கள் எல்லோரும் பார்த்தது ஒரே எபிசோடு அல்ல என்பதுதான் என் கட்சி.

அமெரிக்கத் தொலைக்காட்சியான ஏபிசியில் இது வந்தது 1977 செப்டம்பர் 11, 18 ஆகிய இரண்டு ஞாயிறுகளில், மாலை 7 மணிக்கு. அன்று பார்த்தவருக்கு நடுவில் ஒரு வாரம் இருந்தது. காணாமல் போன சகோதரர்களின் அப்பா ஃபென்டன் ஹார்டி என்ன ஆனார் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்ள நேரம் இருந்தது. இன்று குறுந்தட்டில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு முன்கதைச் சுருக்கம் எரிச்சல்தான். 'திரும்பத் திரும்ப அதையே காட்டுகிறார்கள்' என்ற குறை எபிசோடின் குறையா, பார்த்த விதத்தின் குறையா என்று நீ பிரித்தாக வேண்டும்.

பாகத்துக்குப் பாகம் மதிப்பெண் போட்டிருக்கிறாயே, அதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் பாகம் பிடிக்காதவர் இரண்டாவதைப் பார்க்கவே மாட்டார். மிஞ்சி நிற்பவர்கள் ஏற்கெனவே ரசித்தவர்கள். ஆகவே இரண்டாம் பாகத்துக்குச் சராசரி தானாகவே ஏறும். 'இரண்டாம் பாதியில் சூடு பிடிக்கிறது' என்று அதை வைத்து எழுதாதே. இரண்டுக்கும் மதிப்பெண் போட்டவர்களை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடு.

பிரதியையும் விசாரி. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கு மாற்றிய பிரதியில், நொடிக்கு 24 சட்டமாக (ஃபிரேம்) எடுத்தது 25 ஆக ஓடும். 48 நிமிடப் பாகம் 46 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலின் சுருதியும் கொஞ்சம் ஏறும். ஜோவாக நடிக்கும் ஷான் காசிடி பாடினால் குரல் மெல்லிசாக இருக்கிறது என்பவர் எந்தப் பிரதியைக் கேட்டார் என்று பார். அகலத் திரைக்கு வெட்டிய பிரதியாக இருந்தால் படத்தின் உயரத்தில் கால்வாசி போயிருக்கும். கோட்டை உயரமாகத் தெரியவில்லை, மிரட்டவில்லை என்றால் அந்த வெட்டும் காரணமாக இருக்கலாம். காட்சி மங்கி மறையும் இடங்களில் திடீரென்று புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிரதி பழுதென்று எழுதிவிடாதே. அந்தக் காலத்தில் அந்த மறைவுகளைப் படச்சுருளை மறுபடி நகலெடுத்துத்தான் செய்தார்கள்.

'பயமே வரவில்லை' என்பதுதான் உன் பட்டியலில் அதிகம் வருகிற புகார். காரணம் கதையாசிரியருக்குப் பேய்க்கதை எழுதத் தெரியாததல்ல, அந்த நேரம்தான். அன்றைய அமெரிக்க ஒளிபரப்பு விதிப்படி ஞாயிறு 7 முதல் 8 வரை பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியோ செய்தி, பொதுவிவகார நிகழ்ச்சியோதான் போட முடிந்தது. எதிர்ப்பக்கம் ஒரு சேனலில் டிஸ்னி, இன்னொன்றில் செய்தி அலசல். அந்த நேரத்தில் டிராகுலா வந்தாலும் ரத்தம் வராது. புகைமூட்டம், நிழல், கதவு கிறீச்சிடுவது, இவ்வளவுதான் கைச்சரக்கு. அதற்குள் என்ன சாதித்தார்கள் என்று அளந்தால்தான் நியாயம். திரான்சில்வேனியா அட்டைக்கோட்டை போல இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு வரி சொல்: 1931இல் டிராகுலா படம் எடுத்த அதே யூனிவர்சல்தான் இந்தத் தொடரையும் தயாரித்தது. அந்தச் செயற்கைத்தனம் அவர்கள் வீட்டுச் சொத்து. எனக்கு அது பிடிக்கவே செய்கிறது.

கோட்டைக்குள் ஏன் ராக் கச்சேரி? கதைக்காக அல்ல. 1977 ஜூலையில் காசிடியின் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. செப்டம்பரில் தொடங்கும் தொடரின் இரண்டாம் பருவத்தில் அவரை வைத்துக்கொண்டு பாட்டு இல்லாமல் விட எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வராது. இந்தத் தொடரின் தயாரிப்பாளர் க்ளென் லார்சனுக்கா வரும்! பாட்டால் கதை எவ்வளவு நின்றது என்பதை வாயால் சொல்லாமல் கடிகாரம் வைத்துப் பார். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும், முடியும் நொடியைக் குறி, அதற்குள் ஒரு தடயமாவது கிடைத்ததா என்றும் குறி. தடயம் இல்லாத நொடிகளை மட்டும் கூட்டு. அப்போது 'இழுவை' என்ற சொல்லுக்கு ஓர் எண் கிடைக்கும்.

துப்பறியும் கணக்கில் நீ விட்டுவிட்டது காவல் அதிகாரியாக வரும் நடிகர் லோர்ன் கிரீன். 1959 முதல் 1973 வரை பொனான்சா என்ற தொலைக்காட்சித் தொடரில் மகன்களுக்கு நல்ல தகப்பனாக இருந்த முகம் அது. அன்றைய பார்வையாளர் அவரைக் காவல் அதிகாரியாகப் பார்த்ததும் நம்பியிருப்பார். இன்று அவரைத் தெரியாதவருக்கு அவரும் இன்னொரு சந்தேக ஆள். சந்தேகப் பட்டியலை ஒவ்வொரு விளம்பர இடைவெளியிலும், அதாவது திரை கறுக்கும் இடத்தில், நிறுத்தி எழுது. முடிந்த பிறகு எழுதினால் எல்லோரும் முன்பே கண்டுபிடித்தவர்கள் ஆகிவிடுவோம்.

நாவல் வாசகர்களின் கோபத்தைத் தனிப் பத்தியாக வை. 1927இல் ஹார்டி சகோதரர்களும் 1930இல் நான்சியும் அச்சில் வந்த நாள் முதல், பேய் என்றால் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கும் என்பதே எழுதாத ஒப்பந்தம். பேய்ப்பட ரசிகருக்கோ நேர் எதிரான ஆசை. தலைப்பு இரண்டு தரப்பையும் கூப்பிடுகிறது, ஒரு தரப்புக்கு ஏமாற்றம் உறுதி. (முடிவை உன் கட்டுரையில் உடைத்துவிடாதே.)

நான்சியைப் பற்றிய முணுமுணுப்பைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறாய். அதை முதலில் கொண்டு வா, அதுதான் நியாயமான புகார். முதல் பருவத்தில் ஒரு வாரம் சகோதரர்கள், ஒரு வாரம் நான்சி. அவள் வாரத்தில் வழக்கு அவளுடையது. இங்கே காணாமல் போனது பையன்களின் அப்பா. ஃபிராங்குக்கும் ஜோவுக்கும் வயிறு எரிகிறது, நான்சிக்கு அந்த எரிச்சல் எங்கிருந்து வரும்? நான்சியாக வரும் பமீலா சூ மார்ட்டின் எவ்வளவு நன்றாக நடித்தாலும் திரைக்கதை அவளைத் துணைக்கு வந்தவளாக்கிவிட்டது. இந்த எபிசோடு வந்த இரண்டாம் பருவம் முடிவதற்குள் மார்ட்டின் விலகினார், அவர் இடத்துக்கு ஜேனட் லூயிஸ் ஜான்சன் வந்தார், மூன்றாம் பருவத்தில் நான்சியே இல்லை. இதைத் தெரிந்து பார்ப்பவர் அந்தக் கசப்போடுதான் இந்த எபிசோடைப் பார்க்கிறார், ஆனால் 1977 செப்டம்பரில் அது யாருக்கும் தெரியாது.

நடிகர்கள் பதின்ம வயதாகத் தெரியவில்லை என்ற வரியை வெட்டாதே, திருத்து. காசிடிக்கு அப்போது 18. ஃபிராங்காக நடித்த பார்க்கர் ஸ்டீவன்சனுக்கு 25, மார்ட்டினுக்கு 24.

அடுத்த வரைவில் நட்சத்திரம் போடுவதானால் மூன்றாகப் போடு: மர்மத்துக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ஒன்று, நான்சிக்கு ஒன்று. என் கணக்கில் ஐந்துக்கு முறையே இரண்டரை, நான்கு, ஒன்றரை. உன் கணக்கு வேறாக இருந்தால் எந்த நிமிடத்தில் வேறானது என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா