செயலாளர் ஆண்டறிக்கை: நம் தடிகளும் அவற்றின் ஊர்களும்

தலைவர் அவர்களுக்கும் தடி சேகரிக்கும் நம் சங்கத்தின் டர்பன் வட்டார உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது தடிகளைப் பற்றி.

இந்த ஆண்டு பார்வைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இங்கே தென்னாப்பிரிக்காவின் நாப்கெர்ரிகள், அதாவது உருண்டைத் தலை கொண்ட மரத்தடிகள். கிழக்கு ஆப்பிரிக்க மாசாய் மக்களின் ‘ருங்கு’ என்ற எறிதடியும் வந்தது. நல்ல நாப்கெர்ரியில் தலையும் தண்டும் ஒரே மரம். கிளை முடிச்சையோ வேர்க்கட்டையையோ தலையாக விட்டுவிட்டு, மீதியைத் தண்டாகச் செதுக்கி இறக்குவார்கள். மர ரேகை தலையிலிருந்து தண்டுக்கு அறுபடாமல் ஓடும். தலையைத் தனியாகச் செய்து பொருத்தியிருந்தால் கழுத்தில் கோடு தெரிந்துவிடும். நம் கடற்கரைக் காடுகளின் உம்சிம்பித்தி மரம் இதற்குப் பேர்போனது. கையில் எடுத்தாலே கனம் தெரியும்.

நெடுநேரம் பேசவைத்தது ஒரு குட்டைத் தடி. நம் வட்டார ஜூலு மக்களுடையது என்று, ‘ஜூலு எறிதடி’ என்ற சீட்டோடு ஏலத்தில் வாங்கியது. தண்டு குட்டை, தலை பெருத்தது, கைப்பிடியைச் சுற்றி நெருக்கமாக வளைந்து வளைந்து செதுக்கிய கோடுகள். அந்தக் கைப்பிடி வேலைதான் காட்டிக்கொடுத்தது: அது பசிபிக் தீவான ஃபிஜியின் ‘உலா’ எறிதடி. உருண்டைத் தலையைப் பார்த்ததும் ஜூலு என்று எழுதிவிடும் பழக்கத்தை நாமாவது விடவேண்டும்.

அதேபோல், “1879 இசாண்டில்வானா போரில் எடுத்தது” என்று யார் சொன்னாலும் காகிதம் கேளுங்கள். அது ஜூலு படை பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்த சண்டை. அந்த ஆண்டின் ஆங்கிலேய–ஜூலு போரிலிருந்து பிரிட்டிஷ் வீரர்கள் தடிகளைக் கொண்டுபோனது உண்மை. வெள்ளையர்களுக்கு விற்பதற்கென்றே செய்தவையும் ஏராளம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தண்டில் பித்தளை, செம்புக் கம்பி பின்னிய அருமையான தடி ஒன்று, பாலிஷ் போட்டுத் தேய்த்த நிலையில் வந்தது. கம்பி இடுக்கெல்லாம் வெள்ளைப் பொடி. பல காலம் கைபட்டு ஏறிய கருமை போயே போய்விட்டது. பார்க்கவே மனம் கேட்கவில்லை. தயவுசெய்து உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் பழுப்பு நிறம் ஒட்டினால், யாரோ ஷூ பாலிஷ் பூசிப் பழசாக்கியிருக்கலாம் என்றும் சந்தேகப்படுங்கள்.

செயற்குழு முடிவுகள் இரண்டு. யாரிடம், எந்த ஊரில் வாங்கியது என்ற விவரம் இல்லாமல் எந்தத் தடியும் இனிப் பதிவேட்டில் ஏறாது. காண்டாமிருகக் கொம்புத் தடிகளை, உரிய அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால், கூட்டத்துக்கே கொண்டுவர வேண்டாம்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்