அபாகோ பயணத்துக்கு நாள்வாரிப் பட்டியல் ஏன் தருவதில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பஹாமாஸின் வடபகுதியிலுள்ள அபாகோ தீவுகளில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுக்க விரும்புவோர் எங்களிடம் முதலில் கேட்பது, எந்த நாளில் எந்தத் தீவு என்ற பட்டியலைத்தான். அதை நாங்கள் தருவதில்லை. தந்தாலும் இரண்டாம் நாளே காற்று அதைக் கிழித்துப் போட்டுவிடும்.

அபாகோ கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் குளிர்க்காற்று அதுவரை எட்டும். தென்கிழக்கிலிருந்து இதமாக வீசிக்கொண்டிருக்கும் காற்று தெற்கு, மேற்கு என்று திரும்பி, ஓரிரு நாளில் வாடையாகிப் பலக்கும். பெரிய அபாகோ தீவுக்கு வெளியே அட்லாண்டிக் பக்கமுள்ள சிறு வெளித்தீவுகளின் உட்கரையில் நங்கூரமிடும் இடங்கள் பெரும்பாலும் மேற்கே திறந்தவை. காலையில் குளம்போல் கிடந்த இடத்தில் அன்றிரவு கண்மூட முடியாது. அப்போது ஹோப் டவுன் போல நாற்புறமும் மறைப்புள்ள துறைக்குள் நுழைந்துவிட வேண்டும். அதன் வாயில் ஆழம் குறைவு; கடல் ஏறும் நேரம் பார்த்தே நுழைய வேண்டும். காத்திருக்கும் நாளும் வீணாகாது. சிவப்பு வெள்ளைப் பட்டைகளுடன் நிற்கும் 19ஆம் நூற்றாண்டுக் கலங்கரை விளக்கத்தின் 101 படிகளையும் ஏறிப் பாருங்கள்.

பெரிய அபாகோவுக்கும் வெளித்தீவுகளுக்கும் இடையிலுள்ள அபாகோ கடல் ஆழமற்றது. அடிமணல் கண்ணுக்குத் தெரியும். பெரிய அபாகோவிலுள்ள மார்ஷ் ஹார்பர் ஊரில் படகேறினால் ஹோப் டவுன், மேன்-ஓ-வார், கிரேட் குவானா எல்லாம் சில மணி நேரப் பயணம்தான். வடக்கே கிரீன் டர்ட்டில் தீவுக்குப் போக நினைத்தால்தான் சிக்கல். வழியில் வேல் கீ என்ற சிறு தீவுக்கு உட்புறம் மணல்திட்டுகள் மேடிட்டிருப்பதால், பெரும்பாலான பாய்மரப் படகுகள் அட்லாண்டிக்குக்கு வெளியேறிச் சுற்றி மீண்டும் உள்ளே வர வேண்டும். எங்கோ வடக்கே அடித்த புயலின் பேரலை அந்த மேட்டில் மோதி உடையும்போது, காற்றே இல்லாத வெயில் நாளிலும் அந்த வழி மூடிவிடும். உள்ளூர்க்காரர்கள் இதை 'ரேஜ்' என்கிறார்கள். அதனால், வடக்கே போவதானால் வாரத்தின் முற்பாதியில் போய்த் திரும்பிவிடுங்கள். சனிக்கிழமை விமானத்தை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அங்கே நிற்பது வேண்டாத சூது.

எந்த மாதம் நல்லது? எங்கள் கணிப்பில் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை. குளிர்க்காற்று ஓய்ந்திருக்கும், தண்ணீரும் வெதுவெதுப்பாகியிருக்கும். சூறாவளிப் பருவம் கணக்குப்படி ஜூன் 1 அன்று தொடங்கினாலும், ஆகஸ்ட், செப்டம்பர்தான் உண்மையில் அஞ்ச வேண்டியவை. அம்மாதங்களுக்கு வாடகை எவ்வளவு குறைந்தாலும் நாங்கள் பதிவு செய்வதில்லை. 2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் சூறாவளி மணிக்குச் சுமார் 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறியது இங்கேதான். அதற்கு முன் அச்சான வழிகாட்டி நூல்களை நம்பிப் போகாதீர்கள். அவற்றிலுள்ள பல தோணித்துறைகளும் உணவகங்களும் இன்று அங்கே இல்லை.

படகைப் பொறுத்தவரை, குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து வருவதானால் இரட்டை உடல் கொண்ட கட்டமரான் எடுங்கள். அது அதிகம் சாயாது. ஆழம் குறைந்த இடத்திலும் மிதக்கும். பாய் கட்டிப் பழகியவர்கள் மாலுமியின்றியும் எடுக்கலாம். படகு நிறுவனம் உங்கள் அனுபவத்தை எழுதிக் கேட்கும். மற்றவர்கள் மாலுமியோடுதான் போக வேண்டும், இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. குக்கரும் மசாலாப் பொடிகளும் கையோடு இருக்கட்டும். மார்ஷ் ஹார்பரில் காய்கறி கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் கப்பலில் வருவதால் விலை கூடுதல். நன்னீர் தொட்டியில் உள்ளவரைதான். கடலில் குளித்துவிட்டு ஒரு சொம்பு நன்னீர் ஊற்றிக்கொள்ளப் பழகுங்கள்.

அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருப்பவர்கள் கடவுச்சீட்டிலுள்ள முத்திரையின் தேதியைப் பார்த்துவிட்டு எங்களை அழையுங்கள். காலாவதியான முத்திரையோடு கனடா, மெக்சிகோ போய்க் குறுகிய காலத்தில் திரும்பக் கிடைக்கும் சலுகை பஹாமாஸுக்கு உங்களுக்குப் பொருந்தாது. புது விசா இல்லாமல் திரும்ப முடியாது.

வரும் பருவத்துக்கான தேதிகளை இப்போது குறித்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை பேர், நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர், முன்பின் இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமா என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்