லைனில் நிற்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

திங்கட்கிழமையிலிருந்து உன் கார்மென்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், ஒரு வரிசைத் தையல் மிஷின் முழுக்க உன் பொறுப்பு என்று சொன்னாய். ரொம்ப சந்தோஷம். நேற்று வரை பக்கத்து மிஷினில் தைத்தவர்களிடம் இனி எப்படி வேலை வாங்குவது என்ற பயமும் உன் குரலில் தெரிந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கைப் பிடித்துக்கொள். 20 டெய்லர், 8 மணி நேரம் என்றால் 9,600 நிமிடம். டீ-சர்ட்டுக்கு 8 நிமிடம் என்று வைத்தால் 1,200 பீஸ். எந்த லைனும் அப்படி முழுசாக ஓடாது. 60 சதவீதம் கிடைத்தால் 720, மணிக்கு 90. அதாவது 40 விநாடிக்கு ஒரு பீஸ் இறங்க வேண்டும்.

டீ-சர்ட்டின் கையை உடலோடு சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் ஒரு பீஸுக்கு 55 விநாடி ஆனால் மணிக்கு 65தான் வரும். மற்றவர்கள் பறந்து தைத்தாலும் லைன் 65-ஐத் தாண்டாது. ஒரு மிஷினுக்கு முன்னால் தைக்க வேண்டிய பண்டல் குவிந்து, அடுத்த மிஷினில் ஆள் சும்மா இருந்தால் அடைப்பு அங்கேதான். உடனே நீயே உட்கார்ந்து தைக்கத் தோன்றும், உன் கை வேகம் அப்படி. தயவுசெய்து உட்காராதே. நீ குனிந்து தைக்கும் ஒரு மணி நேரத்தில் மடிப்பு தைக்கும் பேட்லாக் மிஷினில் நூல் டென்ஷன் மாறி 90 பீஸ் பழுதாகிவிடும், பார்க்க ஆள் இருக்காது.

வாட்சோடு பக்கத்தில் நின்று பத்து பீஸுக்கு நேரம் எடு. பெரும்பாலும் தையலில் நேரம் போவதில்லை. டீ-சர்ட்டின் இடது கை, வலது கைத் துண்டுகள் கலந்து கிடக்கும், ஜோடி தேடுவதில் போகும். ஹெல்பரை ஜோடி சேர்த்து அடுக்கச் சொல். அப்படியும் 40 விநாடிக்கு வராவிட்டால், வேலை சீக்கிரம் முடிகிற ஆளை அங்கே பாதி நேரம் போடு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மிஷினுக்கு 5 பீஸ் பார். டீ-சர்ட்டின் பாட்டம் மடிப்பை இரு கையாலும் இழு. நூல் அறுந்தால், ஒன்று டென்ஷன் இறுக்கம், அல்லது தையல் நெருக்கம் போதவில்லை. ஊசி முனையை நகத்தில் உரசு, கீறினால் மாற்றிவிடு. மழுங்கிய ஊசி துணியின் இழையை வெட்டும். அந்த ஓட்டை துவைத்த பிறகுதான் வாய் திறக்கும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வந்து ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகே புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தப் பண்டல் தனியே போக வேண்டும்.

பழுதை லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லாதே. பீஸைக் கையில் எடுத்துப் போய், "அக்கா, இந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல். நேற்று அக்கா என்றால் இன்றும் அக்காதான். அதற்காக வேண்டியவர்களுக்கு லேசான தையல் வேலையைக் கொடுத்துவிடாதே, இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எல்லா மிஷினும் ஓட்டத் தெரிந்த ஒருவரை மாற்றாளாக வைத்துக்கொள். மாற்ற ஆள் இல்லாத லைனில் பெண்கள் பாத்ரூம் போகப் பயந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள் கண்ணு. இதை மட்டும் விட்டுவிடாதே.

மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் போர்டில், 70 வந்தால் 70 என்றே எழுது. அடுத்த மணியில் பிடித்துவிடலாம் என்று 90 எழுதினால், சாயங்காலம் அந்தப் பாக்கி ஓவர்டைமாக அவர்கள் தலையில்தான் விழும். புது ஸ்டைல் ஏறும் முதல் நாள் டார்கெட்டில் பாதி வந்தாலே நல்லது. அதைக் காலையிலேயே மேலே சொல்லிவிடு.

சாப்பாட்டு மணி அடித்ததும் நீயும் உட்கார்ந்து சாப்பிடு. அந்த அரை மணி மிஷினும் நின்றுதான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா